சொந்த மைதானமும் அடுத்தவர் ஆட்டமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் கால்பந்து கிளப் முழுக்க உறுப்பினர்களின் உழைப்பில் நடக்கிறது. ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. கோடு போடுவது, வலை கட்டுவது எல்லாம் நாங்களேதான். மைதானம் கிளப்பின் சொந்தச் சொத்து. பக்கத்திலிருக்கும் ரக்பி கிளப் தங்கள் மைதானத்தைப் புதுப்பிக்கப் போகிறது. அதுவரை, அதாவது இரண்டு சீசனுக்கு, எங்கள் மைதானத்தை வாடகைக்குக் கேட்கிறார்கள். பணம் எங்களுக்குத் தேவைதான். ஆனால் மூத்த உறுப்பினர்கள் கடுமையாக எதிர்க்கிறார்கள். “நம் பையன்களை இழுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு நாமே இடம் கொடுப்பதா?” என்று கேட்கிறார்கள். அயர்லாந்தின் குரோக் பார்க் விவகாரத்தைப் பற்றி நீங்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். பொதுக்குழுவில் வாக்கெடுப்பு வரப்போகிறது. நான் எந்தப் பக்கம் கை தூக்குவது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

கொடுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் உங்கள் மூத்தவர்களைப் பழைமைவாதிகள் என்று ஒதுக்கிவிட்டுக் கொடுக்காதீர்கள். அவர்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிரமால் லேன் என்று ஒரு மைதானம். 1855-ல் கிரிக்கெட்டுக்காகவே திறக்கப்பட்டது. 1862-ல் அங்கே கால்பந்து உள்ளே வந்தது. குளிர்காலத்தில் சும்மாதானே கிடக்கிறது, ஆடிவிட்டுப் போகட்டும் என்ற நிலைமை. கூட்டம் வந்தது, காசும் வந்தது. 1889-ல் அங்கிருந்த கிரிக்கெட் கிளப்பே ஒரு கால்பந்து அணியைத் தொடங்கியது. அதுதான் ஷெஃபீல்ட் யுனைடெட். 1902-ல் டெஸ்ட் போட்டியே நடந்த இடம் அது. 1973-ல் கிரிக்கெட் அங்கிருந்து ஒரேயடியாக வெளியேறியது. இரண்டு ஆண்டில் கிரிக்கெட் ஆடிய பகுதியின் மேலேயே கால்பந்துக்கான பார்வையாளர் ஸ்டாண்டு எழுந்துவிட்டது. திண்ணையில் படுத்துக்கொள்ள வந்தவர் வீட்டுக்காரர் ஆன கதை. யாரும் சதி செய்யவில்லை. ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக நாட்கள் கைமாறின, அவ்வளவுதான்.

உங்கள் மூத்தவர்கள் பிரமால் லேனைக் கேள்விப்படாமலே இருக்கலாம். ஆனால் மனதில் ஓடுவது இந்தக் கதைதான். அதனால் ‘ரக்பியா, கால்பந்தா’ என்று விவாதத்தைத் தொடங்கினால் ஊர் போய்ச் சேர மாட்டீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் மைதானம் யாருடையது, அடுத்த வருடம் அதை யார் தீர்மானிப்பார்கள் என்று தொடங்குங்கள்.

சரி, குரோக் பார்க்குக்கு வருகிறேன். நானும் அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

கேலிக் அத்லெடிக் அசோசியேஷன், சுருக்கமாக ஜிஏஏ, 1884-ல் தர்லஸ் நகரில் தொடங்கப்பட்டது. ஹர்லிங் (மட்டையால் பந்தடிக்கும் ஆட்டம்), கேலிக் கால்பந்து (பந்தைக் கையாலும் ஆடலாம், நம் கால்பந்து வேறு) ஆகிய அயர்லாந்தின் சொந்த ஆட்டங்களைக் காப்பாற்றி வளர்ப்பதுதான் நோக்கம். இன்றும் அதில் ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் இல்லை. 80,000 பேருக்கு மேல் பார்க்கும் இறுதிப் போட்டியில் ஆடியவர் திங்கட்கிழமை வேலைக்குப் போவார். அந்த அமைப்பு 1913-ல் டப்ளினில் விலைக்கு வாங்கிய மைதானம் குரோக் பார்க்.

1920 நவம்பர் 21 அன்று அங்கே டப்ளினும் டிப்பரரியும் கேலிக் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தபோது, பிரிட்டிஷ் படைகள் உள்ளே நுழைந்து கூட்டத்தைச் சுட்டன. 14 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்த டிப்பரரி வீரர் மைக்கேல் ஹோகன். அங்கே உள்ள ஒரு ஸ்டாண்டுக்கு அவர் பெயர்தான். அப்படிப்பட்ட இடத்தில் ரக்பியும் கால்பந்தும் ஆடக் கூடாது என்று ஒருவர் சொன்னால், அதை வெறும் பொறாமை என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் ஜிஏஏ அதோடு நிற்கவில்லை. தன் உறுப்பினர்கள் ரக்பி, கால்பந்து போன்ற அந்நிய ஆட்டங்களை ஆடவும் கூடாது, பார்க்கவும் கூடாது என்று விதி வைத்திருந்தது. அயர்லாந்தின் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைட், ஐரிஷ் மொழிக்காக வாழ்நாளெல்லாம் உழைத்தவர், ஜிஏஏவின் புரவலர். 1938-ல் நாட்டின் தலைவர் என்ற முறையில் ஒரு சர்வதேசக் கால்பந்துப் போட்டிக்குப் போனார். அதற்காக அவரைப் புரவலர் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் வலிக்கும். சொந்த ஆட்டத்தின் மேலுள்ள அன்பு, அதே அன்பைச் சுமந்த ஒரு பெரியவரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது. அந்த விதி 1971-ல்தான் போனது.

அந்நிய ஆட்டங்களுக்கு மைதானங்களைப் பூட்டி வைத்த ஜிஏஏவின் 42-ஆம் விதி அதற்குப் பிறகும் நீடித்தது. அது எல்லா ஆட்டத்தையும் ஒரேமாதிரி தடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 1972-ல் முகமது அலி குரோக் பார்க்கில் குத்துச்சண்டை போட்டார். 1996-ல் அமெரிக்கக் கால்பந்து நடந்தது. அந்த ஆட்டங்களால் ஐரிஷ் பையன்கள் ஹர்லிங்கை விட்டுப் போய்விடுவார்கள் என்று யாரும் பயப்படவில்லை. பக்கத்துத் தெருவில் அதே பையன்களை அழைக்கும் ஆட்டத்துக்குத்தான் கதவு சாத்தியிருந்தது. உங்கள் கிளப்பில் ரக்பிக்குப் பதிலாக வில்வித்தைக்காரர்கள் கேட்டிருந்தால் இத்தனை சண்டை வந்திருக்குமா, யோசியுங்கள்.

2001-ல் விதியை மாற்றும் தீர்மானம் வந்தது. ஆதரவாக 176, எதிராக 89. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பதால் ஒரே ஒரு வாக்கில் தோற்றது. அப்புறம் ரக்பியும் கால்பந்தும் பகிர்ந்துகொண்ட, டப்ளினிலுள்ள லான்ஸ்டவுன் ரோடு மைதானத்தை இடித்துக் கட்டும் வேளை வந்தது. அயர்லாந்து அணி தன் சொந்த நாட்டு ஆட்டத்துக்காக வெளிநாட்டில் மைதானம் தேட வேண்டியிருக்குமோ என்ற பேச்சு கிளம்பியது. 2005 ஏப்ரலில் மீண்டும் வாக்கெடுப்பு. இந்தமுறை 227-க்கு 97 என்று நிறைவேறியது.

அந்தத் தீர்மானத்தின் வடிவம்தான் உங்களுக்கு முக்கியம். எல்லா மைதானத்தையும் அவர்கள் திறந்துவிடவில்லை. குரோக் பார்க் மட்டும், லான்ஸ்டவுன் ரோடு கட்டி முடியும்வரை மட்டும் என்று எல்லை வைத்தார்கள். 2010-ல் புது மைதானம் திறந்தது, விருந்தாளிகள் கிளம்பினார்கள். ஹர்லிங் செத்துப் போகவில்லை. இறுதிப் போட்டிக்கு இன்றும் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு.

2007 பிப்ரவரி 24. குரோக் பார்க்கில் ரக்பி, வந்திருப்பது இங்கிலாந்து. முதலில் இங்கிலாந்தின் தேசிய கீதம் வாசிக்க வேண்டும். மைக்கேல் ஹோகன் சுடப்பட்டு விழுந்த அதே மண். கூச்சல் எழுமோ என்று நாடே பதறியிருந்தது. கூட்டம் மரியாதையோடு நின்று கேட்டது. அடுத்து ஐரிஷ் கீதங்கள் எழுந்தபோது, மலைபோல நிற்கும் முன்வரிசை வீரர் ஜான் ஹேஸின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அயர்லாந்து 43-13 என்று வென்றது. ஸ்கோரை விட அந்தச் சில நிமிடங்களைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அந்த மரியாதையை ரக்பி வாரியம் கொண்டுவரவில்லை. அந்த மைதானத்தை இத்தனை வருடம் காத்து வைத்திருந்தவர்கள் கொடுத்தது அது.

மறுப்பதற்கும் விலை உண்டு. லியம் மில்லர் என்ற ஐரிஷ் கால்பந்து வீரர் 2018-ல் புற்றுநோயால் இறந்தார், வயது 36 தான். அவர் குடும்பத்துக்காக ஒரு நினைவுப் போட்டி நடத்த கார்க் நகரின் ஜிஏஏ மைதானத்தைக் கேட்டார்கள். விதியில் இடமில்லை என்று முதலில் பதில் வந்தது. அரசுப் பணமும் சேர்ந்து புதுப்பிக்கப்பட்ட மைதானம் அது. மக்கள் கொதித்துப் போனார்கள். கடைசியில் அனுமதி கிடைத்து, செப்டம்பரில் அங்கேயே போட்டி நடந்தது. அடுத்த ஆண்டே விதியையும் தளர்த்தினார்கள். உங்கள் மைதானத்துக்கு எப்போதாவது பொதுப்பணம் வந்திருந்தால், ‘எங்கள் சொத்து, எங்கள் இஷ்டம்’ என்ற வாதத்தைப் பொதுக்குழுவில் எடுக்காதீர்கள். எடுபடாது.

இனி புல். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு ஆதங்கம் இதில்தான்.

இளமையில் நான் ஆடிக்கொண்டிருந்த கிளப்பும் இப்படித்தான் ரக்பிக்கு மைதானத்தை வாடகைக்கு விட்டது. ஒரு சனிக்கிழமை நல்ல மழை. ஆட்டத்தை நிறுத்தவில்லை. மறுநாள் காலையில் பயிற்சிக்குப் போனேன். எங்கள் மைதானக் காப்பாளர் நடு மைதானத்தில் மண்டியிட்டிருந்தார். ஸ்கிரம்மில் இரண்டு பக்கமும் எட்டு எட்டுப் பேர் தோள் கொடுத்துத் தள்ளிய இடங்களில் புல் வேரோடு மடங்கி, கம்பளத்தைச் சுருட்டிவிட்டதுபோலக் கிடந்தது. அவர் ஒவ்வொரு துண்டாக எடுத்து, அடியிலிருந்த மண்ணைக் கவைக்கோலால் கிளறி, துண்டைத் திரும்ப வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, பிறகு எழுந்து குதிகாலால் மிதித்தார். நானும் உட்கார்ந்து உதவினேன். மதியம்வரை பாதிதான் முடிந்தது. “எந்த ஆட்டமானாலும் எனக்கு ஒன்றுதான் தம்பி. மழை பெய்தால் ஆடாதே என்று சொல்ல எனக்கு உரிமை கொடுத்திருக்கலாம்” என்றார். ஒப்பந்தம் எழுதியபோது நிர்வாகக் குழு அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாடகையில் கணிசமான பங்கு அந்த வருடம் புல்லுக்கே போனது.

இது பழைய சண்டைதான். 1858-ல் மெல்பர்னில் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர், குளிர்காலத்தில் உடல் தளராமலிருக்க ஒரு கால்பந்து கிளப் தொடங்கலாம் என்று பத்திரிகைக்கு எழுதினார். மிதித்தால் தரை இறுகி உறுதியாகும் என்றும் வாதாடினார். ஆனாலும் ஆரம்ப ஆட்டங்கள் கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே, பக்கத்துப் பூங்கா நிலத்தில்தான் நடந்தன.

ஆகவே ஒப்பந்தத்தில் முதல் வரியாக, ஆடலாமா கூடாதா என்று அன்றைக்குக் காலையில் முடிவெடுக்கும் அதிகாரம் மைதானக் காப்பாளருக்கு என்று எழுதுங்கள். உங்கள் சீசன் அட்டவணையை, சிறுவர் பயிற்சி நாட்களையும் சேர்த்து, முதலில் போட்டு முடித்துவிட்டு மிச்ச நாட்களை மட்டும் கொடுங்கள். இரண்டு சீசன் என்றால் முடியும் தேதியைப் போடுங்கள். நீட்டிக்க வேண்டுமானால் மறுபடி பொதுக்குழுவுக்கு வரட்டும், நிர்வாகக் குழு தானே நீட்டிக்கக் கூடாது. வாடகையில் ஒரு பகுதி புல்லுக்கு என்று தனியாக ஒதுக்குங்கள். இன்னொன்று, அளவெடுத்துப் பாருங்கள். ரக்பிக்குக் கோல் கோட்டுக்குப் பின்னாலும் ஆடும் இடம் வேண்டும். உங்கள் மைதானத்தில் அந்த நீளம் இல்லையென்றால் இந்த விவாதமே தேவையில்லை.

பையன்களை இழுத்துக்கொண்டு போவார்கள் என்ற பயத்துக்கு என்னிடம் ஒப்பந்த வரி எதுவும் இல்லை. சிலர் போவார்கள். ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் ரக்பியைப் பார்த்து ஆசைப்பட்டால் அவன் ஆடட்டும். பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று அவன் உங்கள் ஆட்டத்தை நேசிக்கப் போவதில்லை. அந்தக் கிளப்பின் பிள்ளைகளும் இரண்டு வருடம் உங்கள் மைதானத்தில் கால் வைக்கப் போகிறார்கள். அவர்களுக்கு நீங்கள் பந்தைக் காட்டலாமே.

ஆதரவாகக் கை தூக்குங்கள். அதற்கு முன், கூட்டத்தில் உங்கள் மைதானக் காப்பாளரைப் பேசச் சொல்லுங்கள். மூத்தவர்களுக்கு முன்பாக, அவர்தான் முதலில். தீர்மானம் நிறைவேறினால், ரக்பிக்காரர்களின் முதல் ஆட்டத்தன்று அந்த மூத்தவர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டு வைக்கும்படி ரக்பி கிளப்பிடம் சொல்லிவிடுங்கள். என்ன ஆனது என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.