தண்டுவடத்தில் அடிபட்டு வீடு திரும்பியிருக்கும் தம்பிக்கு எங்கே துணை தேடுவது?

தம்பிக்கு நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை, மருத்துவமனையிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது, இனி யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அடி டி4 மட்டத்தில்தான், அதாவது நெஞ்சுப் பகுதி முதுகெலும்புகளில் மேலிருந்து நான்காவது. வீல்சேரில் 11 வருடம் ஓடிவிட்டது.

அமைப்பு, உதவித்தொகை எல்லாம் அப்புறம் பார்க்கலாம். ஏறக்குறைய அதே மட்டத்தில் அடிபட்டு, பல வருடம் வாழ்ந்து பழகிய ஒருவரை முதலில் கண்டுபிடியுங்கள். கழுத்தில் அடிபட்டவரின் நாள் வேறு, இடுப்பில் அடிபட்டவரின் நாள் வேறு. அதனால்தான் மட்டத்தை அழுத்திச் சொல்கிறேன்.

எனக்கு அப்படி ஒரு அண்ணன் கிடைத்தார். முதல் தடவை வந்தபோது நலம்கூட விசாரிக்கவில்லை, என் ஜீன்ஸின் பின்பாக்கெட்டைத்தான் பார்த்தார். "இந்தத் தையலே புண்ணாக்கிடும், பிரிச்செடுத்துடு" என்றார். நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடியால் காலையும் இரவும் பின்புறத்தில் அழுத்தப் புண் தொடங்குகிறதா என்று பார்க்கப் பழக்கியதும் அவர்தான். தோலில் சிவப்பு மறையவில்லை என்றால் அது மறையும்வரை அந்த இடத்தில் எடை விழக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போது 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு தடவை, முன்னாலோ பக்கவாட்டிலோ சாய்ந்து இரண்டு நிமிடமாவது எடையை மாற்ற வேண்டும். மருத்துவமனையிலும் இதையெல்லாம் எழுதித்தான் கொடுத்தார்கள். அந்தக் காகிதம் எங்கே போனதோ!

ஓர் இரவு தலை வெடிக்கிற மாதிரி வலி, முகமெல்லாம் வியர்வை. முன்பு இதே போல வந்தபோது ஓர் அவசரப் பிரிவில் தலைவலி மாத்திரை கொடுத்து மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். இந்த முறை அண்ணனுக்கு போன் போட்டேன். "படுக்காதே, நிமிர்ந்து உட்காரு. இறுக்கமா இருக்கிறதைத் தளர்த்து. குழாயைப் பாரு." சிறுநீர் வடியும் கத்தீட்டர் குழாய் தொடைக்கடியில் மடங்கிக் கிடந்தது. எடுத்துவிட்டதும் சில நிமிடத்தில் சரியானது. இதற்கு ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்லெக்சியா என்று பெயர். டி6 மட்டத்திலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு, சிறுநீர்ப்பையோ குடலோ நிரம்பினாலே ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறலாம், பக்கவாதம் வரை போகலாம். காரணம் பிடிபடவில்லை, அழுத்தம் இறங்கவில்லை என்றால் உடனே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். நம்மில் பலருக்கு மேல் அழுத்தம் 90 முதல் 110-தான் என்பதால், 140 என்றால் பார்ப்பவர்களுக்குப் பெரிதாகத் தெரியாது. தண்டுவடப் பாதிப்புக்காக இயங்கும் அமெரிக்க அமைப்பான கிறிஸ்டோபர் ரீவ் அறக்கட்டளை, மருத்துவர்களிடம் காட்ட இதற்காகவே ஒரு பர்ஸ் அட்டை வெளியிட்டிருக்கிறது. தம்பியின் வழக்கமான அழுத்தத்தை எழுதி அப்படி ஒன்றை அவர் பர்ஸில் வையுங்கள்.

சரி, அந்த ஆளை எங்கே பிடிப்பது? பிசியோதெரபிஸ்ட்டிடம் கேளுங்கள். பரிசோதனைக்கு வந்துபோகும் பழைய நோயாளிகளை அவர்களுக்குத் தெரியும். வீல்சேர் விளையாட்டுக் குழு இருந்தால், விளையாட்டு பிடிக்காவிட்டாலும் போகலாம். நான் வீல்சேர் மெத்தையைப் பற்றிப் பேசத்தான் போனேன். பாராலிம்பிக்கின் வேரே ஒரு தண்டுவட சிகிச்சைப் பிரிவுதான்: 1948-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில் டாக்டர் குட்மன் நடத்திய வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டவர்கள் 16 பேர்.

இணையக் குழுக்கள் தினசரித் தொல்லைகளுக்கு நல்லவை. ஸ்டெம் செல் ஊசியில் நடக்க வைக்கிறேன் என்று தனிச்செய்தி வந்தால் பதில் போடாதீர்கள். படிக்க வேண்டும் என்றால், சர்வதேசத் தண்டுவடச் சங்கமான இஸ்காஸின் இணையப் பாடங்கள் இருக்கின்றன.

நீங்களும், உங்களைப் போல வீட்டில் இப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் இன்னொருவரிடம் பேசுங்கள். அப்புறம் ஒன்று, அந்த ஆள் வீட்டுக்கு வரும் நாளில் கொஞ்ச நேரம் வெளியே போய்விடுங்கள். மலம், சிறுநீர், தாம்பத்யம் பற்றிய கேள்விகள் நீங்கள் பக்கத்தில் இருந்தால் தம்பி வாயிலிருந்து வராது.