அலர்ஜி புற்றுநோயில் கொண்டுபோய் விடுமா?

கேள்வி: நாகர்கோவிலில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 43. பல ஆண்டுகளாகக் காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கில் நீர் ஒழுகல். பட்டறைக்குள் போனால் இன்னும் அதிகமாகிறது. இரவில் செட்ரிசின் போட்டால்தான் தூங்க முடிகிறது. இரத்தப் பரிசோதனையில் ஈசினோபில் 9 சதவீதம் என்று வந்தது. ‘அலர்ஜியை இப்படியே விட்டால் கேன்சரில்தான் முடியும்’ என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து நிம்மதி இல்லை. அது உண்மையா?

பதில்: உண்மை இல்லை. மூக்கு ஒவ்வாமை எத்தனை ஆண்டு நீடித்தாலும் புற்றுநோயாக மாறுவதில்லை. தூசியைப் பகையென்று எண்ணி உங்கள் உடல் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைச் சுரக்கிறது. தும்மலும் நீரும் அதன் விளைவு. புற்றுநோய் என்பது மரபணு பழுதான செல் கட்டுக்கடங்காமல் பெருகுவது. ஒன்று முற்றி மற்றொன்றாவதில்லை.

ஈசினோபில் விஷயத்துக்கும் பயப்பட வேண்டாம். அது இரத்த வெள்ளணுக்களில் ஒரு வகை. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் மொத்த வெள்ளணுக்கள் 8,000 என்றால், 9 சதவீதம் என்பது 720. இயல்பு அளவு 500 வரை. அலர்ஜி உள்ளவருக்கும் வயிற்றில் பூச்சி உள்ளவருக்கும் இந்த அளவு ஏறுவது சாதாரணம். 1,500-ஐத் தாண்டி அப்படியே நீடித்தால் வேறு காரணம் தேடுவோம்.

சொல்லப்போனால், சில புற்றுநோய்களில் ஆய்வுகள் எதிர்த்திசையைக் காட்டுகின்றன. க்ளியோமா என்ற மூளைக்கட்டி அலர்ஜி உள்ளவர்களுக்குக் குறைவாகவே வருகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. கட்டியே எதிர்ப்பாற்றலை அடக்கி அலர்ஜியை மறைத்திருக்கலாமே என்ற நியாயமான சந்தேகம் இருந்தது. அதனால் நார்வேயில், நோய் வெளிப்படப் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துச் சேமித்து வைத்திருந்த இரத்தத்தைச் சோதித்தார்கள். 2012-இல் வெளியான அந்த ஆய்வில், அலர்ஜிக்கான எதிர்ப்பொருள் இருந்த பெண்களுக்குக் க்ளியோமாவின் கொடிய வகை ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. விழிப்பாக இருக்கும் எதிர்ப்பாற்றல் கோளாறான செல்களையும் முளையிலேயே அழிக்கிறது என்பது ஒரு கருத்து. கணையப் புற்றுநோயிலும் இப்படியொரு தொடர்பு தென்படுகிறது. ஆனால் இதைக் கவசமாக நினைத்துவிடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் சற்றுக் கூடுதல் என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. அதில் புகைப்பழக்கத்தின் பங்கைப் பிரித்தெடுப்பது கடினம்.

உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது தும்மலைவிட உங்கள் பட்டறைதான். உங்களைத் தும்ம வைக்கும் மரத்தூளே, அலர்ஜி இருந்தாலும் இல்லாவிட்டாலும், மூக்கிலும் அதையொட்டிய சைனஸ் அறைகளிலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. இங்கிலாந்தில் நாற்காலி, மேசை செய்வதற்குப் பேர்போன ஹை விக்கம் ஊரில், பெரும்பாலும் மரவேலை செய்பவர்களுக்கே இந்த அரிய நோய் அடுத்தடுத்து வருவதை 1960-களில் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் கவனித்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மரத்தூளைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில், அதாவது மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்குவது உறுதியானவற்றின் பிரிவில், சேர்த்தது. பிளைவுட், எம்.டி.எஃப். பலகைகளின் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு என்ற வாயுவும் அதே பிரிவில் இருக்கிறது. இந்த மூக்குப் புற்றுநோய் மிக அரிது. பெரும்பாலும் பல பத்தாண்டுகள் தூளைச் சுவாசித்த பிறகே வருகிறது. ஆகவே நீங்கள் தொழிலை விட வேண்டியதில்லை, தூளை உள்ளே விடாமல் இருந்தால் போதும்.

இழைப்புளியிலிருந்து விழும் சுருள் சீவல் காற்றில் மிதக்காது. சாண்டிங் மெஷினிலிருந்து மாவு போலக் கிளம்பும் தூள்தான் மூச்சோடு உள்ளே போகும். மெஷினில் தூசி உறிஞ்சும் பை பொருத்துங்கள். முகத்தில் துண்டு கட்டுவது போதாது. நன்றாகப் படியும் என்-95 முகக்கவசம் வேண்டும். சட்டையிலும் மேசையிலும் படிந்த தூளைக் கம்ப்ரசர் காற்றால் ஊதித் தள்ளும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள், உங்களிடம் வேலை செய்யும் பையன்களையும் செய்ய விடாதீர்கள். ஈரத்துணியால் துடைக்கலாம். பீடி, சிகரெட் இருந்தால் அதையும் விட்டாக வேண்டும்.

செட்ரிசினால் புற்றுநோய் வராது. ஆனால் அது பகலிலும் மந்தத்தைத் தரலாம். அறுவை இயந்திரத்தில் கைவைப்பவருக்கு அது ஆபத்து. தினமும் அடிக்கும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே உங்களுக்கு இன்னும் நன்றாகக் கேட்கும். மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். மருந்துக்கடையில் நீங்களாக ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம்.

அலர்ஜி பொதுவாக இரண்டு நாசியையும் பாதிக்கும். ஒரே பக்கம் மட்டும் விடாமல் அடைத்துக்கொண்டாலோ, இரத்தம் கலந்த சளி வந்தாலோ, கன்னம் மரத்தாலோ, கண் ஒரு பக்கம் துருத்தினாலோ உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும் இந்த மாதமே ஒருமுறை மூக்கு எண்டோஸ்கோப்பி (சிறு கேமரா குழாயால் மூக்கின் உள்ளே பார்க்கும் சோதனை) செய்துகொள்வது நல்லது. சில நிமிட வேலைதான். எத்தனை ஆண்டுகளாக மரவேலை செய்கிறீர்கள் என்பதை அங்கே மறக்காமல் சொல்லுங்கள்.