ராத்திரி எங்க படுக்கறாங்க?

வணக்கம்ங்ணா,

நான் கோபிக்காரன், சரவணம்பட்டியில ஐடி வேலை. போன மாசம் ஃப்ரெண்ட்ஸோட தாளவாடி மலைக்குப் போயிருந்தோம், அங்க ஒரு சோளகர் பழங்குடி ஊர்ல பசங்களுக்கு நோட்டு பேனா குடுத்துட்டு வந்தோம். வந்ததுல இருந்து ஒரே கொழப்பம்ங்ணா. நம்ம படிப்பைக் குடுத்து அவங்களைக் கெடுக்கறோமா, அவங்க பாரம்பரியக் கல்வியோடவே விட்டுடறதுதான் நல்லதா? கூட வந்த ஒருத்தன் டேப்லெட் வாங்கிக் குடுத்து இங்கிலீஷ் கிளாஸ் எடுக்கலாங்கறான். நீங்க என்ன சொல்றீங்க? பேர் போட வேண்டாம்ணா.

தம்பி,

"விட்டுடறது"ங்கற வார்த்தையே எனக்கு ஒப்பலீங்க. விடறதுக்கும் புடிக்கறதுக்கும் நாம யாரு? 2006 வன உரிமைச் சட்டத்துல நெலத்துக்குக் கேக்கணும்னா மனு எழுதணும், கிராம சபைத் தீர்மானம் எழுதணும், ஆபீஸ்ல இருந்து வர்ற பதிலைப் படிக்கணும். பர்கூர் மலையில இருக்கற மலையாளி சனத்தைப் பாருங்க, சேலம் மாவட்டத்துல இருந்தா எஸ்டி, அதே சனம் ஈரோடு மாவட்டத்துல இருந்தா இல்ல, பட்டியல்ல மாவட்டம் மாவட்டமா போட்டப்ப ஈரோடும் சேந்திருந்த அன்னைக்குக் கோயமுத்தூர் மாவட்டம் அதுல வரல, அவ்ளோதான் சங்கதி. இதையெல்லாம் எதுத்துக் கேக்க எழுத்து வேணும். எம்பையன் படிக்க வேண்டாம்னு அங்க எந்த அப்பனும் ஆத்தாளும் எங்கிட்டச் சொன்னதில்ல.

ஆனா உங்க கொழப்பம் சும்மா வந்ததில்லீங்க. நாலஞ்சு வருசம் முன்னாடி சித்திரை லீவுல அதே மலையில ஆசனூருக்கு அந்தப்பக்கம் ஒரு ஊர்ல இருந்தேன். ஒரு வீட்டுல அக்காளும் தம்பியும். அக்கா ஏழாவது, ஒண்ணாவதுல இருந்தே ஹாஸ்டல், நான் கொண்டு போன பேப்பரை கடகடன்னு படிச்சுப்போட்டா. தம்பி மூணாவது, பக்கத்து ஸ்கூல், எழுத்துக் கூட்டவே தெணறுறான், ஸ்கூல்ல அவனுக்கு மந்தம்னு பேராம். மத்தியானம் ஓடைப் பள்ளத்துக்குப் போனோம், ஈரமணல்ல தேனீ வந்து தண்ணி குடிச்சுட்டிருந்துச்சு. இவன் குத்த வெச்சு உக்காந்து, எந்திரிச்சுப் பறக்கற ஈ எந்தப் பக்கம் திரும்புதுன்னு ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தான், அப்பறம் கையை நீட்டி அந்தப் பாறையிலதான் கூடுன்னான். ஹெஜ்ஜேனு, துடுவெ, கட்டி, நெசரின்னு நாலு வகையைப் பிரிச்சுச் சொன்னான், நாம மலைத்தேனீ, அடுக்குத்தேனீ, கொம்புத்தேனீ, கொசுத்தேனீன்னு சொல்றோமே அதுதான். பக்கத்துல நின்ன அக்கா மெதுவா அவன்கிட்டயே கேக்கறா, இது எதுடான்னு.

அவ ஆறு வயசுல இருந்து ஹாஸ்டல்லயே படுத்தவ. எந்த மரம் எப்பப் பூக்கும், தேன் எடுக்கறப்ப ஈக்கும் கரடிக்கும் பங்கு விடணும், இந்தப் பாட்டு எதுக்குப் பாடறது, இதெல்லாம் பொழுது எறங்குனப்பறம் அடுப்புக்கிட்ட உக்காந்திருக்கறப்பவும் தாத்தன் பின்னாடி நடக்கறப்பவும் காதுல விழறது, பீரியடு போட்டு நடத்தற பாடமா அது? நம்ம சிலபஸ் கெடுக்கறதா நீங்க நினைக்கறீங்க, எனக்கென்னமோ பசங்க ராத்திரி எங்க படுக்கறாங்கங்கறதுதான் கேள்வியாப் படுது.

அதுக்காக ஹாஸ்டலை மூடுன்னு சொல்லலீங்க. மூணு வேளை சோறு இருக்கு, ஆனை நடமாடற தடத்துல சின்னப் புள்ளையை தாட்டி விட முடியாது, அஞ்சாவதுக்கு மேல வேற வழியே இல்லாத ஊரும் இருக்கு. சரி, பத்து வயசுக்கு மேல போகட்டும். ஆறு வயசுல எதுக்கு? ஒரு கிலோமீட்டருக்குள்ள தொடக்கப்பள்ளின்னு கல்வி உரிமைச் சட்டத்து விதியே சொல்லுது.

அந்தப் பையன் தெணறுறது மந்தமெல்லாம் இல்ல, பாஷை. வீட்டுல பேசறது கன்னடத்துக்குக் கிட்ட வர்ற பேச்சு, புக்கு தமிழ், வாத்தியார் சமவெளிக்காரர். தாய்மொழியில தொடக்கக் கல்விக்கு ஏற்பாடு பண்ணணும்னு அரசியல் சட்டத்துல 350ஏ 1956-லயே வந்துருச்சு. ஒடிசாவுல 2006-07 வாக்குல பத்து பழங்குடி பாஷையில ஆரம்பிச்சாங்க. இங்க அந்தளவுக்குப் போகாட்டியும் பரவால்ல, அந்த ஊர்ல பன்னெண்டாவது முடிச்ச புள்ளை ஒண்ணை சம்பளம் குடுத்து ஒண்ணாவது ரெண்டாவதுக்கு வாத்தியார் கூட உக்கார வெச்சாலே பாதி தெணறல் போயிரும். உங்க ஃப்ரெண்டு டேப்லெட்டுக்கு ஒதுக்கற காசை இதுக்குத் தரச் சொல்லுங்க.

மறுபடி போறதா இருந்தா நோட்டு பேனா இல்லாம போங்க. 2022-ல இருந்து திம்பம் மலைப்பாதையில ராத்திரி 9 மணிக்கு மேல வண்டி விடறதில்லைன்னு எல்லாரும் வெளிச்சத்துலயே எறங்கிடறாங்க, நீங்களும் அப்பிடித்தான் எறங்கியிருப்பீங்க. ஊர்க்காரங்ககிட்டயும் வனத்துறைகிட்டயும் முன்னாடியே கேட்டுட்டு ஒரு ராத்திரி தங்குங்க. கம்பளி எடுத்துக்கோங்க, ஆசனூர்ல குளிர் அடிக்கும்.