பெரிய படத்தில் வராத பயம்

கேள்வி: யாரும் கேள்விப்பட்டிராத, சொற்பச் செலவில் எடுக்கப்பட்ட திகில் படங்களைத் தேடிப் பிடித்துப் பார்ப்பது என் வழக்கம். பெரும் பொருட்செலவில் வரும் பேய்ப் படங்களைப் பார்த்தால் எனக்குப் பயமே வருவதில்லை. "குப்பையைக் கிளறுகிறாய்" என்று என் கணவர் கேலி செய்கிறார். என் ரசனையில்தான் கோளாறா?

பதில்: கோளாறு எதுவும் இல்லை. ஆனால், உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை என்பதையும் ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். இவ்வகைப் படங்களில் பெரும்பாலானவை வசனம் காதில் விழாத, இருட்டில் யார் நிற்கிறார்கள் என்றே தெரியாத படங்கள். தப்பித்தவறி அகப்படும் சிலவற்றுக்காகவே மற்றவற்றைப் பொறுத்துக்கொள்கிறோம்.

அப்படி அகப்பட்ட ஒன்று, 1962இல் வெளியான 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்'. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் தொழில்துறை, கல்விக் குறும்படங்களை இயக்கிவந்த ஹெர்க் ஹார்வி, யூட்டாவின் கிரேட் சால்ட் ஏரிக்கரையில் பாழடைந்து கிடந்த கேளிக்கை மண்டபம் ஒன்றைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்து, ஏறத்தாழ 33,000 டாலரில் எடுத்த படம் அது. வெளிறிய முகத்துடன் நாயகியைத் தொடரும் ஆவியாகவும் அவரே நடித்தார். துணிக்கடையில் உடையை அணிந்து பார்த்துக்கொண்டிருக்கும் நாயகிக்கு, சட்டென்று உலகத்தின் ஓசை முழுவதும் அற்றுப்போகிறது. அவள் பேசுகிறாள், எவரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒலியை நிறுத்தக் காசு செலவாகாது. ஆனால், பணமிருக்கும் இயக்குநர் அந்த இடத்தில் ஒரு கோரமுகத்தை நிறுத்தி, அதிரும் இசையையும் சேர்த்துக் காரியத்தைக் கெடுத்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

சொற்பச் செலவில் உருவான இன்னொரு திகில் படம் 'தி ஈவில் டெட்'. அதற்காக இயக்குநர் சாம் ரெய்மியின் குழுவினர் கேமராவைப் பலகையொன்றில் பொருத்தி, அதன் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். பாய்ந்து வருவது எது என்று படம் காட்டுவதில்லை. அதன் கண்ணாக நம்மையே ஓடவைக்கிறது.

முகம் தெரியாத நடிகர்களும் ஒரு காரணம். பிரபல நடிகர் பாதிப் படத்தில் சாகமாட்டார் என்பது தொடங்கும் முன்பே தெரியும்; இவர்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

கணவரோடு வாதாடாதீர்கள். ஹார்வியின் படம் ஒன்றரை மணி நேரம்கூட ஓடாது. ஒருநாள் இரவு விளக்கை அணைத்துவிட்டுப் போட்டுக் காட்டுங்கள். துணிக்கடைக் காட்சியில், தொலைக்காட்சி பழுதாகிவிட்டதென்று அவர் ரிமோட்டைத் தேடக்கூடும். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.