பேட்டர்ன் வாங்கி 1800களின் ஆங்கிலேய கவுனை வீட்டிலேயே தைக்க முடியுமா?

ஜாக்கெட்டும் சுடிதாரும் தைக்கத் தெரிந்தால் முடியும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பேட்டர்ன் என்றால் உடையின் துண்டுகளைப் பல சைஸ் கோடுகளோடு மெல்லிய தாளில் அச்சிட்டு, உறையில் போட்டு விற்பது. ஆனால் அந்த உறையில் சொன்னதை அப்படியே தைத்தால் பள்ளிக்கூட ஆண்டு விழா வேஷம் போலத்தான் வரும். சில இடங்களில் பேட்டர்னோடு சண்டை போட வேண்டும்.

நான் இருப்பது இங்கிலாந்தில். பாத் நகரில் செப்டம்பர் மாதத்தில் ரீஜென்சி கால உடை போட்டுக்கொண்டு ஊர்வலம் போவார்கள். ரீஜென்சி என்பது மன்னருக்குப் பதிலாக இளவரசர் ஆண்ட காலம், கணக்குப்படி 1811 முதல் 1820 வரைதான். ஆனால் அந்த உடைப் பாணி 1790களின் கடைசியிலேயே வந்துவிட்டது. இடுப்புக்கோடு மார்புக்கு நேர் கீழே ஏறி நிற்கும், அங்கிருந்து பாவாடை தரைவரை நேராக விழும். தோழி கூப்பிட்டாள், பேட்டர்ன் வாங்கிவிட்டேன்.

முதல் தப்பு சைஸில். அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துத் தைத்தே பழகிய ஆள் நான். உறையில் இருக்கும் எண்ணும் ரெடிமேட் கடையில் நாம் வாங்கும் எண்ணும் ஒன்று என்று நினைத்துவிட்டேன். பெரிய அமெரிக்க பேட்டர்ன் கம்பெனிகளில் 36 அங்குல மார்புக்கு சைஸ் 14. இங்கே கடையில் நான் எடுப்பது 10. காகிதத்தை 10-ஆம் கோட்டில் வெட்டித் தைத்துப் பார்த்தால் முதுகில் இரண்டு பக்கமும் சேரவே இல்லை. வெட்டியதால் பெரிய சைஸ் கோடுகளும் போயின, இன்னொரு உறை வாங்க வேண்டியதாயிற்று. அதனால் அந்த மெல்லிய தாளை வெட்டாதீர்கள். வேறு தாளில் படி எடுத்து அதை வெட்டுங்கள்.

சரி, அடுத்த முறை 14. இப்போது தொளதொள. மார்புத் துண்டில் ஒரு வட்டமும் அதற்குள் குறுக்குக்கோடும் போட்டு, தைத்து முடித்தால் என்ன அளவு வரும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். என்னுடையதில் முப்பத்தொன்பதரை. உடம்பு 36, மீதி மூன்றரை அங்குலம் தளர்வு! இந்தக் காலத்து ஆளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று கம்பெனி விடுவது. அந்தக் காலத்து கவுனின் மேல்பகுதியோ நம் ஜாக்கெட் போல உடம்போடு ஒட்டி நிற்கும். கடைசியில் முன்பக்கம் 14, முதுகு 12 என்று கலந்து வெட்டினேன். இன்னொன்று, இந்த பேட்டர்ன்கள் பி கப் அளவை வைத்து வரைந்தவை. அதைவிடப் பெரிய மார்பு என்றால், டேப்பை அக்குளோடு ஒட்டி மார்புக்கு மேலாகச் சுற்றி வரும் அளவில் சைஸ் எடுத்து, முன்துண்டை மட்டும் அகலப்படுத்துவது நல்லது.

அளவு எடுக்கும் முன்பே உள்ளாடை தயாராக இருக்க வேண்டும். அந்தக் காலத்துப் பெண்கள் ஸ்டேஸ் என்ற இறுக்கமான உள்கச்சை போட்டார்கள். அது மார்பை மேலே தூக்கிவிடும். சாதாரண பிராவோடு அளவெடுத்துவிட்டுக் கச்சையோடு போட்டால் இடுப்புக்கோடு மார்புக்கு நேர் கீழே நிற்காது. கச்சை தைக்கப் பொறுமை இல்லையென்றால் பிரா பட்டையை இழுத்துச் சுருக்கியாவது அளவெடுங்கள்.

நல்ல துணியில் கை வைக்கும் முன் காடா துணியில் ஒரு மாதிரி தைப்பது கட்டாயம். இங்கே அதற்கு கேலிகோ என்று பெயர். நம் கோழிக்கோட்டின் பெயர்தான்! கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் சிரிப்பு வரும்.

இனி முதுகு. கவுன் பழைய காலத்தது என்று நம்ப வைப்பது லேஸோ ரிப்பனோ இல்லை, முதுகுதான். அருங்காட்சியகத்தில் இருக்கும் கவுன்களைப் பின்னால் போய்ப் பாருங்கள். தோள் தையல் தோளின் உச்சியில் இருக்காது, பின்னால் சரிந்து இறங்கியிருக்கும். கை மூட்டும் தையல் முதுகுக்குள் வெகுதூரம் வந்திருக்கும். நடுவில் மிஞ்சுவது கீழே போகப்போகக் குறுகும் சின்னத் துண்டு. எனக்கு வாய்த்த பேட்டர்னில் இதெல்லாம் சட்டை முதுகு போல அகலமாக இருந்தது. காடா மாதிரியைப் போட்டுக்கொண்டு, தோழியை விட்டுப் புதுக்கோடுகளை முதுகிலேயே சாக்பீஸால் வரையச் சொன்னேன். இரு பக்கமும் ஒன்றரை அங்குலம் உள்ளே வந்தது. அக்குள் வளைவையும் மேலே ஏற்றினேன். இறுக்குமே என்று பயப்பட வேண்டாம். அக்குளை ஒட்டி வெட்டினால்தான் கை தாராளமாகத் தூக்க வரும். ஜாக்கெட் தைத்தவர்களுக்கு இது புதிதல்ல.

பின்னால் ஜிப் வைக்கச் சொல்லியிருந்தார்கள். பெண்கள் உடையில் ஜிப் பரவியதே 1930களில்தான், தூக்கிப் போட்டேன். கழுத்துக்கும் இடுப்புக்கும் உள்ளே நாடா கோத்துச் சுருக்கிக் கட்டினால் போதும். அந்தக் காலத்திலும் பல கவுன்களில் இதே ஏற்பாடுதான். தையல் மெஷினும் அப்போது வீட்டுக்கு வரவில்லை. உள்தையலை மெஷினில் ஓட்டிவிட்டு, வெளியே தெரியும் இடங்களை மட்டும் கையால் தைத்தேன்.

துணிக்கு ஐந்தரை மீட்டர் வெள்ளைப் பருத்திச் சேலை ஒன்றை எடுத்தேன். ஏமாற்று வேலை இல்லை. அப்போதைய கவுன்களுக்கு இந்தியாவிலிருந்து போன மஸ்லின் என்ற மெல்லிய பருத்தித் துணி என்றால் தனி மதிப்பு. பாவாடைக்குக் கொடுத்திருந்த துண்டுகளை விட்டுவிட்டு, சேலையைக் குறுக்காகத் திருப்பி பார்டர் காலடியில் வரும்படி நேர்த்துண்டாகச் சுருக்கி வைத்தேன். சேலை அகலம் 45 அங்குலம். எனக்கு மார்புக்குக் கீழிருந்து தரைவரை 44. உயரமான ஆளாக இருந்தால் இது எட்டாது, மேலே துண்டு சேர்க்க வேண்டியிருக்கும். கரையே விளிம்பாக வந்ததால் ஹெம்மிங் வேலையும் மிச்சம்.

இந்த மெல்லிய கவுன்களில் பாக்கெட் வைத்தால் துருத்திக்கொண்டு தெரியும். அதனால் அந்தப் பெண்கள் ரெட்டிக்யூல் என்று நாடா இழுத்துக் கட்டும் சின்னப் பை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு போவார்கள். எங்கள் பாட்டி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையேதான். முந்தானையில் மிஞ்சிய துண்டில் ஒன்று தைத்தேன், செல்போன் சரியாக நுழைகிறது.