இருபது வருஷத்துப் பாக்கி

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம் ஓர் அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) 19 வருஷம் 8 மாதம் அண்டி, அதாவது முந்திரிக்கொட்டை, உடைத்தேன். முட்டுவலி தாங்காமல் ஐந்து மாதம் முன்பு நின்றுவிட்டேன். பணிக்கொடை (கிராஜுவிட்டி) கேட்டால், "கிலோ கணக்குக் கூலிக்கு அதெல்லாம் இல்லை, நீயாகத்தானே நின்றாய்?" என்கிறார் முதலாளி. வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டால் 25,000 தருவாராம். மகள் கல்யாணத்துக்கு உதவியவர் அவர். மேலே கேட்டால் நன்றி கெட்டவள் ஆவேனோ?
- ஒரு வாசகி

பதில்: அக்கா, வெள்ளைத்தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

இதற்குப் பணிக்கொடை என்று பேர் வைத்தவரைத்தான் சொல்ல வேண்டும். நம்மூரில் கொடை என்றால் அம்மன் கோயில் கொடை விழா. இல்லாவிட்டால் மனசு வந்து கொடுப்பது. இது உங்கள் கூலியில் நின்றுபோன பாக்கி. என் பெரியம்மாவும் உடைப்புக்குப் போனவர்தான். எத்தனை சாம்பல் தொட்டாலும் அண்டி எண்ணெய் விரலைக் கறுக்க வைத்துவிடும். கேரளத்தில் கூலி கூடியபோது கொல்லத்து முதலாளிகள் எல்லை தாண்டி இங்கே வந்ததும் அந்த விரல்கள் மலிவாகக் கிடைத்ததால்தானே?

ஐந்து வருஷம் முடித்தவர் தானாக நின்றாலும் பணிக்கொடை உண்டு. கிலோ கணக்குக்கும் உண்டு. கடைசி மூன்று மாதக் கூலியை வைத்து ஒருநாள் சராசரி எடுப்பார்கள். அது 350 ரூபாய் என்று வையுங்கள். வருஷத்துக்கு 15 நாள் கூலி. கடைசி எட்டு மாதம் ஆறு மாதத்தைத் தாண்டுவதால் முழு வருஷமாகி, மொத்தம் 20. 350ஐ 15ஆலும் 20ஆலும் பெருக்கினால் 1,05,000. அவர் நீட்டுவது அதில் கால்வாசி கூட இல்லை! 1972இல் வந்த பணிக்கொடைச் சட்டம் இப்போது புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஆனால் இந்த 15 நாள் கணக்கு மாறவில்லை.

அடுத்து, "இது சீசன் தொழில், வருஷத்துக்கு 7 நாள்தான்" என்று முதலாளி ஆரம்பிக்கலாம். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கொட்டையை வருஷம் முழுக்க உடைத்தவர் நீங்கள். கொட்டை வரவில்லை என்று அவர்கள் ஆபீசை மூடிய நாட்களும் உங்கள் சர்வீசை முறிக்காது.

கல்யாண உதவிக்கு நன்றி சொல்லியாகிவிட்டது. அதை இதில் கழிக்க முடியாது.

சரி, முதலாளியிடம் எழுத்தில் ஒரு மனு கொடுங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். ஐந்து மாதம் ஆனதாலேயே உரிமை போகாது. 30 நாளில் பணம் வராவிட்டால் நாகர்கோவில் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். உத்தரவு வந்தும் கொடுக்காவிட்டால், நிலவரி பாக்கி போலக் கலெக்டர் மூலம் வசூலிக்க வழி உண்டு. தனியாகப் போகத் தயங்கினால் சங்கத்துக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பிஎஃப் கணக்கில் சேர்ந்த தேதி பிந்தி இருந்தால், வேலைக்குச் சேர்ந்த காலத்தைக் காட்டப் பழைய இஎஸ்ஐ அட்டையைத் தேடுங்கள். தினமும் எத்தனை கிலோ என்று நோட்டில் எழுதும் பழக்கம் அண்டி ஆபீஸ் பெண்கள் பலருக்கு உண்டு. உங்களிடமும் இருந்தால் நகல் எடுத்துக் கொடுங்கள். அசலை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.