ஏரிக்கரையில் சவாரி சரி, காட்டுக்குள் வேண்டாம்

கேள்வி: ஏற்காட்டில் ஏரிப் பக்கம் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றினோம். கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் காட்டுப் பாதையிலும் கூட்டிப் போகிறேன் என்றார் குதிரைக்காரர். புகை விடுகிற ஜீப்பைவிட இது மேல்தானே? காட்டெருமை நடக்கிற காட்டில் குதிரை நடந்தால் என்ன கெட்டுவிடும்?
- ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: புகை இல்லை என்பது உண்மைதான் அம்மா. ஆனால் காட்டுப் பாதையில் முதலில் அடிபடுவது மண். குதிரையின் எடை சில நூறு கிலோ, மேலே ஆளும் சேணமும் வேறு, அத்தனை கனமும் லாடம் அடித்த நான்கு குளம்பில் இறங்குகிறது. கோடை மழையில் ஊறிய சரிவில் குதிரை இறங்கிப் போன தடத்தைக் குனிந்து பாருங்கள், ஒவ்வொரு குளம்படியும் கிண்ணம் மாதிரி குழிந்து, விளிம்பு மண் பிதுங்கிக் கீழ்ப்பக்கம் சரிந்து கிடக்கும். அடுத்த மழைத் தண்ணீர் அந்தக் குழிகளைத் தொட்டுத் தொட்டு ஓடிப் பாதையையே வாய்க்கால் ஆக்கிவிடும். சேறானால் குதிரை ஓரம் ஒதுங்கும், அப்புறம் ஓரத்துச் செடியும் போச்சு. 1978-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் மொன்டானாவில் நடப்பவர், குதிரை, மோட்டார் சைக்கிள் மூன்றையும் சரிவில் விட்டுச் சோதித்தார்கள். ஏற்றத்தில் மோட்டார் சைக்கிளும் இறக்கத்தில் குதிரையும்தான் அதிகம் சிதைத்தன.

காட்டெருமைக்கும் கனம் குறைவில்லை, ஆனால் அது மேய்ந்தபடி பல வழியில் கலைந்து போகும்; சவாரிக் குதிரை விடுமுறை நாள் முழுக்க ஒரே தடத்தில் போய் வரும். இதைவிடப் பெரிய வித்தியாசம் தீவனத்தில். காட்டெருமை அந்தக் காட்டில் முளைத்ததைத் தின்கிறது, குதிரைக்கு வெளியிலிருந்து புல்லுக்கட்டு வருகிறது. குதிரை அசை போடாது, அதனால் புல்லோடு போன களை விதைகளில் பல உடையாமல் இரண்டு மூன்று நாள் கழித்தும் லத்தியில் வந்து முளைக்கும். அமெரிக்காவில் பல தேசிய வனங்களில் களை விதை இல்லை என்று சான்று பெற்ற தீவனம் மட்டும்தான் கொண்டுபோகலாம் என்பது இதனால்தான். (உண்ணிச்செடி பரவியதற்குக் குதிரையைத் திட்ட வேண்டாம், அது பெரும்பாலும் பழம் தின்னும் பறவைகளின் வேலை.) இளைப்பாற மரத்தில் கட்டினால் கயிறு பட்டையை உரசித் தேய்க்கும், நின்ற இடத்தைக் குளம்பால் பறித்துப் பறித்து வேரை வெளியே கொண்டுவந்துவிடும்.

சேர்வராயன் மலையில் காப்புக்காடுகள் இருக்கின்றன. 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி அனுமதியில்லாமல் அங்கே நுழைவதே குற்றம், அந்தச் சட்டம் சொல்லும் கால்நடைகளில் குதிரையும் அடக்கம். மாட்டினால் குதிரைக்காரருக்குத்தான் முதல் கஷ்டம், அவர் பிழைப்பு கெட நாம் காரணமாக வேண்டாம். ஏரியைச் சுற்றித் தார் ரோட்டில் தாராளமாகப் போங்கள், கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். குதிரை முதுகில் புண்ணோ காலில் நொண்டலோ தெரிந்தால் மட்டும் ஏறாதீர்கள்.

கேள்வி: குதிரை லத்தியைக் காபித் தோட்டத்துக்கு அப்படியே போடலாமா?
- ஒரு வாசகர், நாகலூர்

பதில்: அப்படியே வேண்டாம், மேலே சொன்ன விதைப் பிரச்சினை உங்கள் தோட்டத்துக்கும் உண்டு. இலைச் சருகோடு கலந்து குவியலாக்கி, ஈரம் காயாமல் பார்த்து, அவ்வப்போது புரட்டி விடுங்கள். உள்ளே 55 டிகிரிக்கு மேல் சில நாள் சூடு நின்றால் பெரும்பாலான விதைகள் செத்துவிடும். நன்றாக மக்கி, வாடை போய், கறுப்பாக உதிர்ந்த பிறகு போடுங்கள். குவியலை ஓடைக்கும் ஊற்றுக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள், மழையில் சாறு அங்கேதான் இறங்கும்.